விசிறியைத் தொடுவதற்கு முன் சுரங்கத்தைச் சுற்றி வாருங்கள்: நிலத்தடிக் காற்றோட்டத்தில் மின்சேமிப்பு

தன்பாத், ராணிகஞ்ச், கோதாவரிப் படுகை போன்ற இடங்களின் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் பயிற்சிப் பொறியாளராகச் சேரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, காற்றோட்டப் பிரிவுக்கு மாற்றப்பட்ட சில மாதங்களுக்குள் எப்படியும் ஒரு வேலை வந்து சேரும். முதன்மை விசிறிக்கு ஆகும் மின்செலவு ஏன் இவ்வளவு என்று கேட்டு, அதைக் குறைக்க வழி சொல்லும்படி மேலாளர் ஒரு கோப்பைக் கையில் கொடுப்பார். சுரங்கம் என்றாலே நெய்வேலியை நினைத்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே புதிதாக இருக்கும்; அது திறந்தவெளிச் சுரங்கம் என்பதால் அங்கே காற்றை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நிலத்தடியிலோ, ஒரு துண்டு நிலக்கரிகூட மேலே வராத தீபாவளி நாளிலும் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். பல நிலத்தடிச் சுரங்கங்களில் மொத்த மின்செலவில் கால் பங்கு முதல் பாதி வரை காற்றோட்டத்துக்கே போய்விடுகிறது.

கோப்பு கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்வது, விசிறி வீட்டுக்குப் போய் மோட்டாரைப் பார்ப்பதும், புதிய விசிறிக்கு விலைப்பட்டியல் கேட்பதும்தான். என் அனுபவத்தில் அந்த வரிசை தலைகீழானது. விசிறி வீணாக்கும் மின்சாரத்தைவிடச் சுரங்கம் வீணாக்கும் காற்றுதான் பல இடங்களில் பெரிய செலவாக இருக்கிறது. ஆனால் உள்ளே மிச்சப்படுத்திய காற்று, கடைசியில் விசிறியைக் குறைத்து வைக்கும் வரை மின்மீட்டரில் ஒரு யூனிட்டைக்கூடக் குறைக்காது. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேலையை எந்த ஒழுங்கில் செய்வது என்பதையே கீழே எழுதுகிறேன்.

முதல் படி: எவ்வளவு காற்று வேண்டும்?

சேமிப்புக் கணக்கைத் தொடங்குமுன், எதற்குக் கீழே இறங்கவே கூடாது என்பதை எழுதி வையுங்கள். இந்திய நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளின்படி, ஒவ்வொரு காற்றோட்டப் பகுதியின் கடைசி இணைப்பு (வேலை முகத்துக்கு மிக அருகில் காற்று திரும்பும் குறுக்குப் பாதை) வழியாகவும், மிக அதிகமான ஆட்கள் இறங்கும் ஷிஃப்டில் ஆள் ஒருவருக்கு நிமிடத்துக்கு 6 கன மீட்டர், அல்லது நாளொன்றின் உற்பத்தியில் டன் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 2.5 கன மீட்டர், இவற்றில் எது அதிகமோ அந்த அளவு காற்று போயாக வேண்டும். ஒரு பகுதியில் 80 பேர் இறங்குகிறார்கள், நாளுக்கு 600 டன் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஆள் கணக்கில் நிமிடத்துக்கு 480 கன மீட்டரும் டன் கணக்கில் 1500 கன மீட்டரும் வருகின்றன. எனவே வினாடிக்கு 25 கன மீட்டர் என்பதே அந்தப் பகுதியின் அடிக்கோடு.

இதோடு முடிவதில்லை. பகுதியின் ரிட்டர்ன் காற்றில், அதாவது வேலை முகத்தைக் கடந்து வெளியே திரும்பும் காற்றில், மீத்தேன் போன்ற எரிவாயு 0.75 சதவீதத்தையும், சுரங்கத்தின் வேறெந்த இடத்திலும் 1.25 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஈரக்குமிழ் வெப்பநிலை 33.5 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது, 30.5 டிகிரியைத் தாண்டினாலே காற்று வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். இந்த நிபந்தனைகளுள் எது உங்கள் சுரங்கத்தை ஆள்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். வாயு மிகுந்த மூன்றாம் நிலைச் சுரங்கத்தில் மீத்தேனே அளவைத் தீர்மானிக்கும். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய கோலார் தங்கவயலில், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறையின் சூடுதான் தீர்மானித்தது. ஆள்கின்ற நிபந்தனை எதுவெனத் தெரியாமல் காற்றைக் குறைக்க முயல்பவரைச் சுரங்கத்துக்குள் விடாமல் இருப்பதே நல்லது.

ஒவ்வொரு பகுதிக்கும் இப்படித் தேவையான அளவைக் கூட்டி, நியாயமான கசிவையும் சேர்த்துக்கொண்டால் ஒரு தொகை வரும். பல சுரங்கங்களில் அந்தத் தொகைக்கும் விசிறி இன்று இழுக்கும் அளவுக்கும் சம்பந்தமே இருக்காது. மூன்று பேனல்கள் (நிலக்கரி வெட்டும் தனித்தனிப் பிரிவுகள்) ஓடிய காலத்தில் பொருத்திய விசிறி, இரண்டு பேனல்களை மூடிய பின்னும் அதே இறகுக் கோணத்தில் ஓடிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: விசிறி வீட்டில் மூன்று எண்கள்

அளவு, அழுத்தம், மின்சாரம் ஆகிய மூன்று எண்களும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் எடுக்கப்பட வேண்டும்.

காற்றின் அளவை ஃபேன் டிரிஃப்டில், அதாவது சுரங்கத்தையும் விசிறியையும் இணைக்கும் காற்றுப் பாதையில், எடுங்கள். நேரான, தடையில்லாத ஓர் இடத்தைத் தேர்ந்து, குறுக்குவெட்டை டேப் வைத்து அளந்து, காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரை மேலும் கீழுமாக, பரப்பு முழுவதும் ஒரே சீராகப் போய்ச் சேரும்படி ஒரு நிமிடம் நகர்த்துங்கள். கருவியை உடம்புக்கு நேர் முன்னால் பிடிக்காமல் கோலின் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். நம் உடம்பே காற்றை ஒதுக்கிவிட்டு வாசிப்பைக் கூட்டிக் காட்டும். மூன்று முறை எடுத்து, மூன்றும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் மட்டுமே சராசரியை ஏற்றுக்கொள்ளுங்கள். டிரிஃப்டில் வேகம் மிக அதிகமாக இருந்து கோலைப் பிடிக்கவே முடியவில்லை என்றால் காற்றின் அழுத்தத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும் பிட்டாட் குழாய்தான் வழி.

அழுத்தத்துக்கு, நீர்மட்ட வேறுபாட்டால் அதைக் காட்டும் வாட்டர் கேஜ் விசிறி வீட்டில் இருக்கிறது, ஆனால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். குழாய்க்குள் நீர்த்துளி அடைத்திருக்கும், அல்லது குழாயின் வாய் காற்றோட்டத்தை நேரே பார்த்துக்கொண்டிருக்கும். குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்து, தனியாக ஒரு மானோமீட்டரை (அழுத்தமானியை) இணைத்து ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள். ஒரு மில்லிமீட்டர் நீர்மட்டம் 9.81 பாஸ்கல்.

மின்சாரத்தைப் பெயர்ப்பலகையிலிருந்து எடுக்காதீர்கள். பலகையில் இருப்பது மோட்டார் எவ்வளவு தாங்கும் என்பது. நமக்கு வேண்டியது அது இப்போது எவ்வளவு இழுக்கிறது என்பது.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம்; இதே எண்களைக் கடைசி வரை பயன்படுத்துகிறேன். காற்று வினாடிக்கு 120 கன மீட்டர், அழுத்தம் 800 பாஸ்கல். இரண்டையும் பெருக்கினால் காற்றுக்குக் கிடைத்த திறன் 96 கிலோவாட். மோட்டார் 3300 வோல்ட்டில், 0.85 திறன் காரணியில், 41 ஆம்பியர் இழுக்கிறது என்றால் மூன்று கட்ட மின்சாரக் கணக்கில் உள்ளே போவது 199 கிலோவாட். ஆக மொத்தச் செயல்திறன், அதாவது உள்ளே போன மின்சாரத்தில் காற்றுக்குப் போய்ச் சேர்ந்த பங்கு, 48 சதவீதம். நல்ல அச்சுவழி விசிறி (காற்றை அச்சின் திசையிலேயே தள்ளும் வகை) தன் உச்சத்தில் 80 சதவீதத்தைத் தொடும். மோட்டார் இழப்பையும் கழித்தால் ஒட்டுமொத்தமாக 70-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 8760 மணி நேரம் ஓடும் இந்த மோட்டார் 17.4 லட்சம் யூனிட் தின்கிறது. யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 1.22 கோடி ரூபாய்.

இங்கேயே நின்று, 48 சதவீதம்தானே, விசிறியை மாற்றிவிடலாம் என்று கோப்பை எழுதி முடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பொறுங்கள். சுரங்கத்தைச் சரிசெய்யாமல் இன்றைய 120-க்கும் 800-க்கும் பொருத்தமாக ஒரு விசிறியை வாங்கினால், வீணையும் சேர்த்துத் திறமையாக இழுக்கும் விசிறிதான் கிடைக்கும். பின்னர் சுரங்கத்தைச் சரிசெய்யும்போது அந்தப் புது விசிறியும் தன் உச்சத்தை விட்டு விலகி நிற்கும்.

மூன்றாம் படி: காற்று எங்கே தொலைகிறது?

டிரிஃப்டில் 120 கன மீட்டர் அளந்தோம். இனி உள்ளே இறங்கி, ஒவ்வொரு பகுதியின் கடைசி இணைப்பிலும் அளந்து கூட்டுங்கள். நம் உதாரணத்தில் அது 60 என்று வைத்துக்கொள்வோம். பாதிக் காற்று வேலை செய்யும் இடத்துக்கே போகவில்லை என்று பொருள். புதியவர்களுக்கு இந்த எண் அதிர்ச்சியாக இருக்கலாம். பழைய சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

தொலைந்த 60 கன மீட்டரைத் தேடும் வேலையை விசிறிக்கு மிக அருகிலிருந்து தொடங்க வேண்டும், ஏனெனில் அழுத்த வேறுபாடு அங்கேதான் அதிகம். ஒரே அளவு ஓட்டை அங்கே இருந்தால் அதிகக் காற்றை விழுங்கும். ரிட்டர்ன் ஷாஃப்ட்டின் (காற்று மேலே வரும் செங்குத்துக் குழியின்) வாயில் உள்ள ஏர்லாக் என்ற இரட்டைக் கதவு அறை, வெடிப்புக் கதவு, டிரிஃப்டின் கூரை, கேபிள் நுழையும் துளை ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம், ஒரு கைக்குட்டை போதும். நான் பார்த்த ஓர் ஏர்லாக்கில் கதவின் அடிப்புறம் இருந்த ரப்பர் பட்டை தேய்ந்து, தண்டவாளம் குறுக்கே போகும் இடத்தில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. கைக்குட்டையை அருகில் கொண்டுபோனதும் அது விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அந்தக் கதவைத் தினமும் திறந்து மூடியவர்களுக்கு அந்தச் சீழ்க்கைச் சத்தம் பழகிப்போயிருந்தது. இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்துகிடக்கும்படி குச்சியை முட்டுக்கொடுத்து வைக்கும் பழக்கம் வேறு பல இடங்களில் உண்டு. அதற்கு ரப்பர் பட்டை மருந்தாகாது, கதவுகளை ஒன்றோடொன்று பூட்டிவைக்கும் இன்டர்லாக் ஏற்பாடுதான் மருந்து.

இதன் மதிப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஷாஃப்ட்டின் கழுத்தில் அளந்தால் 102 கன மீட்டர்தான் கீழிருந்து வருகிறது. மீதி 18 தரைமட்டத்திலேயே கசிந்து உள்ளே நுழைகிறது. அந்தக் கசிவை 6-க்குக் குறைத்தால், சுரங்கத்துக்கு அதே 102-ஐக் கொடுக்க விசிறி 108 இழுத்தால் போதும். ஷாஃப்ட் வழியே ஓடும் காற்று மாறவில்லை என்பதால் தேவைப்படும் அழுத்தமும் ஏறத்தாழ அதே 800 பாஸ்கல். காற்றுத் திறன் 96-லிருந்து 86.4 கிலோவாட்டுக்கு இறங்குகிறது; அதே 48 சதவீதத் திறனில் மின்சாரம் 199-லிருந்து 180 கிலோவாட் ஆகிறது. ரப்பர் பட்டையும் சிமென்ட் பூச்சும் ஒரு வாரக் கூலியும் ஆண்டுக்கு ஒன்றே முக்கால் லட்சம் யூனிட்டுக்குப் பக்கமாக மிச்சம் தருகின்றன.

தருகின்றன என்றால், தரக்கூடும். அடைத்துவிட்டு விசிறியை அப்படியே விட்டால் என்ன ஆகும்? சுரங்கத்தின் மொத்தத் தடை கூடும், விசிறி கொஞ்சம் குறைவான காற்றை அதிக அழுத்தத்தில் இழுக்கும், உள்ளே போகும் காற்று கூடும், மின்மீட்டர் ஏறத்தாழ அப்படியே நிற்கும். அச்சுவழி விசிறியாக இருந்தால் மின்சாரம் சற்றுக் கூடவும் செய்யலாம். கசிவை அடைத்ததால் மின்கட்டணம் குறையவில்லை என்று ஏமாந்துபோய் வேலையைப் பாதியில் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்தது பிழையில்லை, முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தரையில் முடித்துவிட்டு உள்ளே வாருங்கள். காற்று உள்ளே வரும் இன்டேக்கையும் வெளியேறும் ரிட்டர்னையும் பிரிக்கும் சுவர்களான ஸ்டாப்பிங்குகள்தான் அடுத்த சந்தேகம். தூண் விட்டு வெட்டும் முறையில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பூச முடியாது. ஷாஃப்ட்டின் அடிவாரத்திலிருந்து வேலை முகத்தை நோக்கி, அழுத்தம் அதிகமான பக்கத்திலிருந்து போங்கள். சுவரின் நடுவைவிட, சுவர் பாறையோடு சேரும் விளிம்புகளில்தான் கசிவு இருக்கும். தூணின் ஓரம் நொறுங்கி விலகியிருந்தால் பூச்சு மட்டும் நிற்காது, நொறுங்கியதைச் சுரண்டி எடுத்து உறுதியான நிலக்கரி வரை சுவரை உள்ளே செருக வேண்டும். புகைக் குழாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மைனிங் சிர்தாருடன் (சுரங்க மேற்பார்வையாளருடன்) நடந்தால், ஒரு ஷிஃப்டில் எந்தெந்தச் சுவர் என்று சுண்ணாம்பால் குறி போட்டுவிடலாம். இன்டேக்கும் ரிட்டர்னும் கலக்காமல் ஒன்றையொன்று கடக்கும் பாலங்களான ஏர் கிராஸிங்குகளை மறக்க வேண்டாம். கூரைச்சரிவு ஒன்றில் சேதமான ஒரே கிராஸிங் பத்துச் சுவர்களின் கசிவுக்குச் சமமாகும்.

கைவிட்ட பகுதிகளை மூடி அடைத்தால் அவற்றுக்குப் போகும் காற்றும் மிச்சமாகும். ஆனால் நிலக்கரி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் இயல்புடையது. எந்தப் பகுதியை எப்போது அடைப்பது என்பது மின்கட்டணம் பார்த்து எடுக்கும் முடிவன்று. அந்தப் பேச்சைப் பாதுகாப்பு அதிகாரியிடமும் மேலாளரிடமும் விட்டுவிட்டு, அவர்கள் அடைக்கத் தீர்மானித்தால் அதன் பலனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பாதையின் தடை

1854-இல் ஜான் அட்கின்சன் என்ற ஆங்கிலேயச் சுரங்கப் பொறியாளர் வெளியிட்ட கோட்பாட்டின் அடிப்படையில்தான் இன்றும் கணக்குப் போடுகிறோம். அழுத்தம் என்பது தடையை, காற்றளவின் வர்க்கத்தால் பெருக்கியது. தடையோ உராய்வுக் கெழு, சுற்றளவு, நீளம் மூன்றையும் பெருக்கி, பரப்பின் கனத்தால் வகுத்தது. இந்தக் கடைசிச் சொல்லில்தான் பணம் இருக்கிறது. நீளத்தைக் குறைக்க நம்மால் ஆகாது, பரப்பை மீட்க முடியும்.

4 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு ரிட்டர்ன் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 10 சதுர மீட்டர், சுற்றளவு 13 மீட்டர், உராய்வுக் கெழு 0.012 என்றால் 50 மீட்டர் நீளத்தின் தடை 0.0078. அதே 50 மீட்டரில் கூரைச்சரிவின் இடிபாடும் பழைய மரமும் கிடந்து பரப்பு 6-ஆகவும் சுற்றளவு 10-ஆகவும் சுருங்கிவிட்டால் தடை 0.0278. ஐம்பது மீட்டர்க் குப்பை, சுத்தமான பாதையில் கூடுதலாக 128 மீட்டர் நடப்பதற்குச் சமமாகிவிட்டது. அதன் வழியே வினாடிக்கு 50 கன மீட்டர் காற்று ஓடினால் கூடுதல் இழப்பு 50 பாஸ்கல், அதாவது 2.5 கிலோவாட் காற்றுத் திறன்; நம் விசிறியின் 48 சதவீதத் திறனில் அது 5.2 கிலோவாட் மின்சாரம், ஆண்டுக்கு 45,000 யூனிட்டுக்கு மேல். திடீரெனச் சுருங்கி விரியும் இடங்களின் சுழல் இழப்பை இதில் நான் சேர்க்கவே இல்லை. இடிபாட்டை அள்ளும் செலவு ஒருமுறை. அதை விட்டுவைக்கும் செலவு ஆண்டுதோறும்.

ஆனால் எந்த இடத்தை அள்ளுவது என்று தெரிய அழுத்த அளவீடு வேண்டும். நீண்ட குழாயின் இரு முனைகளையும் இரு இடங்களில் வைத்து நடுவில் மானோமீட்டரைச் செருகும் பழைய முறையோ, பாரோமீட்டரோ, எதுவானாலும் விசிறியிலிருந்து வேலை முகம் வரை அழுத்தம் எங்கெங்கே செலவாகிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். கோடு திடீரெனச் சரியும் இடம்தான் உங்கள் இடம். எல்லாக் காற்றும் சேர்ந்து ஓடும் முதன்மைப் பாதையில் உள்ள இடைஞ்சலை முதலில் நீக்குங்கள். ரெகுலேட்டர் (திறப்பைக் கூட்டிக் குறைக்கும் தடுப்பு) போட்டுக் காற்றைக் குறைத்து வைத்திருக்கும் கிளையில் இடிபாட்டை அள்ளினால், அந்த ரெகுலேட்டரை இன்னும் மூட வேண்டி வருமே தவிர விசிறிக்குப் பலனில்லை.

ரெகுலேட்டர் என்பதே வேண்டுமென்று வைத்த தடை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுரங்கத்தில் ஒரு கிளையாவது ரெகுலேட்டர் இல்லாமல் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். எல்லாக் கிளைகளிலும் ரெகுலேட்டர் பாதி மூடியிருந்தால், பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை அழுத்துகிறோம். மூடிக்கிடக்கும் பழைய பாதை ஒன்றை இணையாகத் திறக்க முடியுமா என்றும் பாருங்கள். ஒரே அளவான இரு பாதைகள் இணையாக இயங்கினால் தடை நான்கில் ஒன்றாகிறது. காற்றை இப்படிக் கிளைகளாகப் பிரிக்கும் வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இங்கிலாந்தின் சுரங்கங்களில் ஜான் படில் என்பவர் வளர்த்தெடுத்தார், அப்போது இழுத்தது விசிறிகூட அன்று, ஷாஃப்ட்டின் அடியில் எரிந்த உலை.

மாற்றங்களைச் செய்வதற்கு முன் வென்ட்சிம் போன்ற மென்பொருளில் வலைப்பின்னலைப் போட்டுப் பார்ப்பது இப்போது எளிது. மென்பொருள் உங்கள் அளவீட்டைவிட நேர்மையாக இருக்காது. அளக்காத பாதைக்குப் புத்தகத்தில் உள்ள கெழுவைப் போட்டு அழகான படம் வரைந்துவிட்டு அதையே நம்பக்கூடாது.

ஐந்தாம் படி: இப்போது விசிறி

சுரங்கம் எவ்வளவு கேட்கிறது என்பது மாறிவிட்டதால், புதிய அளவையும் அழுத்தத்தையும் மீண்டும் எடுத்து, காற்றளவுக்கு எவ்வளவு அழுத்தம், செயல்திறன் என்று காட்டும் விசிறி உற்பத்தியாளரின் வளைகோட்டில் புள்ளியாக வையுங்கள். அந்த வளைகோடு பல சுரங்கங்களில் கிடைப்பதில்லை, எலி தின்றிருக்கும் அல்லது முந்தைய பொறியாளரின் வீட்டில் இருக்கும். விசிறியின் வரிசை எண்ணைச் சொல்லி உற்பத்தியாளரிடம் கேட்டு வாங்குங்கள். புள்ளி உச்சத்திறன் வட்டத்துக்குள் விழுகிறதா, வலப்பக்கம் சரிந்திருக்கிறதா, இடப்பக்கம் ஸ்டால் எல்லையை (இறகுகளை விட்டுக் காற்று பிரிந்து விசிறி தடுமாறும் நிலையை) நெருங்குகிறதா என்று பாருங்கள். அச்சுவழி விசிறி ஸ்டாலுக்குள் போனால் காது கேட்டே தெரியும். சத்தம் சீராக இல்லாமல் மூச்சிரைப்பதுபோல் ஏறி இறங்கும், வாட்டர் கேஜ் தள்ளாடும், இறகுகள் சோர்ந்து உடையும்.

பிறகு விசிறியை நிறுத்தி உடலைப் பாருங்கள். ரிட்டர்ன் காற்றின் ஈரமும் தூசும் சேர்ந்து இறகுகளின் மேல் மேலோடுபோல் படிந்திருக்கும். சுரண்டி எடுத்தாலே சில சதவீதம் கிடைக்கும் இடங்கள் உண்டு. இறகின் நுனிக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக, உற்பத்தியாளர் சொன்ன அளவுக்குள் இருக்கிறதா? எல்லா இறகுகளும் ஒரே கோணத்தில் இருக்கின்றனவா? கடைசியாக மாற்றியவர் கண்மட்டத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பார். பெல்ட்டில் ஓடும் விசிறியானால் பெல்ட் வழுக்குகிறதா என்று டேகோமீட்டரால் இரு கப்பிகளையும் அளந்து பாருங்கள்.

வெளியேறும் வாயில் உள்ள ஈவாசே என்ற விரியும் குழல் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. நம் விசிறியின் வெளியேறும் பரப்பு 6 சதுர மீட்டர் என்றால் 120 கன மீட்டர் காற்று வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வெளியே பாய்கிறது. அந்த வேகத்துக்கான அழுத்தம் 240 பாஸ்கல், அது முழுவதும் வானத்துக்குத் தானம். பரப்பை மெல்ல மெல்ல மூன்று மடங்காக விரித்து வேகத்தைக் குறைத்தால் வெளியேறும் வேக அழுத்தம் 27 பாஸ்கலாகச் சுருங்கும். நடுவில் உள்ள 213 பாஸ்கலும் திரும்பக் கிடைத்துவிடாது, விரிவிலும் இழப்பு உண்டு. ஆனாலும் கணிசமான பகுதி மீளும். துருப்பிடித்து ஓட்டை விழுந்த, அல்லது கிரேன் நுழைவதற்காகப் பாதி வெட்டப்பட்ட ஈவாசேயைப் பார்த்தால், அதைச் சரிசெய்வதைப் பட்டியலின் மேலே எழுதுங்கள்.

இதன் பிறகுதான் குறைப்பு. விசிறி விதிகளின்படி காற்றளவு வேகத்துக்கு நேராகவும், அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகவும், மின்திறன் வேகத்தின் கனமாகவும் மாறுகின்றன. வேகத்தில் 5 சதவீதம் குறைத்தால் மின்சாரத்தில் 14 சதவீதமும், 10 சதவீதம் குறைத்தால் 27 சதவீதமும் மிச்சம். வேகத்தைக் கப்பி மாற்றியும் குறைக்கலாம், மாறு அதிர்வெண் டிரைவ் கொண்டும் குறைக்கலாம். அச்சுவழி விசிறியில் இறகுக் கோணத்தைக் குறைத்தும் காற்றைக் குறைக்கலாம்.

டிரைவ் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள். காற்றுத் தேவை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும் உலோகச் சுரங்கத்தில், வெடிப்புக்குப் பின் புகையை வெளியேற்றக் கூட்டியும் மற்ற நேரத்தில் குறைத்தும் ஓட்ட அது அருமையான கருவி. இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரே அளவில் ஓடப்போகும் நிலக்கரிச் சுரங்கத்தின் முதன்மை விசிறிக்கு, ஒருமுறை இறகுக் கோணத்தை மாற்றுவது ஏறத்தாழ செலவில்லாத வேலை. டிரைவோ விலையோடு தன் சொந்த இழப்பாகச் சில சதவீதத்தையும் கொண்டுவரும். மோட்டாரைப் பொறுத்தவரை, பாதிச் சுமைக்கும் கீழே ஓடும் பெரிய மோட்டாரை அடுத்த முறை காயில் கட்டக் கொடுப்பதற்குப் பதிலாக, சரியான அளவில் ஐ.ஈ.3 என்ற உயர் செயல்திறன் வகை மோட்டாரை வாங்கக் குறிப்பெழுதுங்கள்.

துணை விசிறிகள்

முதன்மைக் காற்று எட்டாத வேலை முகப்புகளுக்குக் குழாய் வழியே காற்றை அனுப்பும் இவை தனித்தனியாகப் பார்த்தால் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம். இங்கே விசிறியைவிடக் குழாயே முக்கியம். குழாயின் தடை விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுவதால், 600 மில்லிமீட்டர் குழாயை எடுத்துவிட்டு 750 மில்லிமீட்டர் போட்டால் தடை மூன்றில் ஒன்றாகிவிடும். கிழிந்த இடங்களைத் தையுங்கள், இணைப்புகளை இறுக்குங்கள், கொக்கியில் தொங்கும் குழாய் பாம்புபோல் வளையாமல் நேராக இழுத்துக் கட்டுங்கள். வேலை நடக்காத முகப்பின் துணை விசிறியை நிறுத்தும் யோசனை வரும். வாயுள்ள சுரங்கத்தில் அது உங்கள் விருப்பத்துக்கு உரியதன்று, நிறுத்திய முகப்பில் தேங்கும் மீத்தேனை அகற்றித் திரும்பத் தொடங்குவதற்கெனத் தனி நடைமுறையே உண்டு.

கடைசிப் படி: குறைக்கும் நாள்

விசிறியின் அமைப்பை மாற்றுவது மேலாளரின் எழுத்துமூல உத்தரவில்லாமல் நடக்கக்கூடாது. காற்றோட்டத் திட்டத்தில் மாற்றம் வருமானால் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் பார்வைக்கும் போக வேண்டியிருக்கும். ஆட்கள் இல்லாத ஓய்வு நாளைத் தேர்ந்தெடுத்து, கணக்கிட்ட குறைப்பை ஒரே தாவலாக எடுக்காமல் இரண்டு மூன்று தவணையாக எடுங்கள். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் ஒவ்வொரு பகுதியின் கடைசி இணைப்பிலும் காற்றையும், ரிட்டர்னிலும் கூரையோரத்திலும் மீத்தேனையும், அடைத்த சுவர்களின் ஓரத்தில் கார்பன் மோனாக்சைடையும் அளக்க வேண்டும். காற்று மெதுவாகும் பாதைகளில் மீத்தேன் கலக்காமல் கூரையை ஒட்டி மெல்லிய படலமாக நிற்கும். நெஞ்சு உயரத்தில் எடுத்த வாசிப்பு அதைக் காட்டாது. ஓவர்மேன்களிடம் (ஷிஃப்ட் மேற்பார்வையாளர்களிடம்) முன்கூட்டியே பேசிவிடுங்கள். சொல்லாமல் குறைத்தால் மறுநாளே காற்றில்லை என்ற புகார் வரும், சொல்லிவிட்டுச் செய்தால் எங்கே குறைந்தது என்ற தகவல் வரும்.

குறைந்த அழுத்தத்தால் எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. இன்டேக்குக்கும் ரிட்டர்னுக்கும் இடையே இழுப்பு குறைவதால் கோஃப் (நிலக்கரி எடுத்து முடித்துக் கைவிட்ட பகுதி) வழியாகக் கசியும் காற்றும் குறைகிறது. நிலக்கரி தானாகச் சூடேறுவதற்குத் தீனி போடுவது அந்தக் கசிவுதான்.

அளவீடுகளை ஜனவரியிலும் மே மாதத்திலும் திரும்ப எடுங்கள். குளிர்காலத்தில் வெளிக்காற்று கனமாக இருப்பதால் இயற்கைக் காற்றோட்டம் விசிறிக்குத் தோள்கொடுக்கும். தன்பாத்தின் மே மாத வெயிலில் அதே துணை மறைந்துவிடும், சில அமைப்புகளில் எதிராகவும் திரும்பும். ஜனவரியில் மட்டும் அளந்து கோணத்தைத் தீர்மானித்தவர் மே மாதத்தில் அடிக்கோட்டுக்குக் கீழே போயிருப்பார்.

எல்லாம் நிலைத்த பிறகு, புதிய இறகுக் கோணம், வேகம், காற்றளவு, அழுத்தம், ஆம்பியர், தேதி ஆகியவற்றை விசிறி வீட்டுப் பதிவேட்டில் எழுதி, நகலை வரைபட அறையிலும் வையுங்கள். பழைய கோணத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் புதிய பேனல் திறக்கும்போது அதற்குத் திரும்ப வேண்டி வரும், அப்போது நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள்.